ஜாக் புரூஸ்: பேஸ் கிற்றாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்த புளூஸ் கலைஞர்

றொக் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவரின் நிலை, நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரின் நிலையைப் போன்றது. அவர் வாசிக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை, நிறுத்தினால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜாக் புரூஸ். 1960களில் உலகைக் கலக்கிய 'கிறீம்' குழுவின் பாடகரும் பேஸ் வாசிப்பாளரும் அவரே. அக்குழுவின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்கு இசையமைத்தவரும் அவர்தான்.

1943 மே 14 ஆம் திகதி கிளாஸ்கோ நகருக்கு அருகிலுள்ள பிஷப்பிறிக்ஸ் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை இடதுசாரிக் கொள்கையில் ஊறிய தொழிலாளி. பெற்றோர் வேலை தேடிக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்த் திரும்பியதால் ஜாக் படித்த பாடசாலைகள் மொத்தம் 14. (எமது பிள்ளைகள் பலருக்கும் இது தெரிந்த கதைதான்.) அவ்வளவு அலைச்சலுக்கு நடுவிலும் இசை அவரை விட்டுப் போகவில்லை. 17 வயதில் செலோ வாத்தியமும் இசையமைப்பும் கற்கப் புலமைப்பரிசில் பெற்று, கிளாஸ்கோவிலிருந்த ஸ்கொட்லாந்தின் அரச இசைக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்காக இரவில் ஜாஸ் குழுக்களில் வாசித்தார். அது கல்லூரிக்குப் பிடிக்கவில்லை. கல்லூரியா ஜாஸா என்ற நிலை வந்தபோது அவர் கல்லூரியை விட்டார்.

இத்தாலியில் சிறிதுகாலம் வாசித்துவிட்டு 1962 இல் லண்டன் வந்தார். அங்கே அலெக்சிஸ் கோர்னரின் 'புளூஸ் இன்கோர்ப்பரேற்றட்' குழுவில் ஆளுயர டபுள் பேஸ் வாசிக்க இடம் கிடைத்தது. பின்னாளில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் முதுகெலும்பான சார்லி வற்ஸ்தான் அப்போது அங்கே ட்றம்ஸ் வாசித்தார். அடுத்து கிரஹம் பொண்ட் என்பவரின் குழுவுக்குப் போனபோது ஜாக் மின்சார பேஸ் கிற்றாருக்கு மாறினார்.

அவர் செய்த மாற்றம் என்ன என்று அறிய புளூஸ் இசையின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். வழமையான புளூஸ் பாடல் 12 தாளச் சுற்றுகளில் முடியும், ஒவ்வொரு சுற்றிலும் நான்கு தட்டுகள். மூன்றே மூன்று சுரக்கூட்டுகள் அதற்குள் மாறிமாறி வரும். ஒவ்வொரு கூட்டுக்கும் ஆதாரமான சுரத்தை அடியில் பிடித்துக் கொடுப்பதுதான் பேஸின் வேலை. ஜாக் அந்த ஆதார சுரத்தைத் தொட்டுக்கொண்டே அதற்கு மேல் இன்னொரு மெட்டை ஓடவிட்டார். அமெரிக்க மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனிடமிருந்தும், செலோ படித்த காலத்தில் பழகிய பாஃகின் இசையிலிருந்தும் அவர் எடுத்துக்கொண்டது இது.

இது எல்லோருக்கும் பிடிக்கவில்லை. அதே குழுவில் ட்றம்ஸ் வாசித்த ஜிஞ்சர் பேக்கர், ஜாக் அளவுக்கு மீறி வாசிக்கிறார் என்று சண்டை பிடித்தார். மேடையிலேயே கைகலப்பு நடந்தது. கடைசியில் பேக்கர் கத்தியைக் காட்டி மிரட்டி ஜாக்கைக் குழுவிலிருந்து துரத்தினார்.

ஜோன் மேயாலின் குழுவில் கொஞ்சநாள், மன்பிறெட் மான் குழுவில் கொஞ்சநாள் என்று காலம் ஓடியது. 1966 இல் பேக்கரும் கிற்றார் கலைஞர் எரிக் கிளப்ரனும் புதிய குழு தொடங்கப் பேசினார்கள். ஜாக் வந்தால்தான் தானும் வருவேன் என்றார் கிளப்ரன். கத்தி காட்டியவரே சமாதானம் பேசிப் போகவேண்டியதாயிற்று. 'கிறீம்' பிறந்தது அப்படித்தான்.

இரண்டரை ஆண்டுகூட முழுதாக நீடிக்காத அக்குழுவின் அடித்தளம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ். அவர்கள் மேடையில் கால்மணி நேரத்துக்கும் மேலாக நீட்டி வாசித்த 'ஸ்பூன்புல்' பாடலை எழுதிய வில்லி டிக்சன், மிசிசிப்பியில் பிறந்து சிக்காகோவில் வாழ்ந்தவர். அவரும் ஒரு பேஸ் வாசிப்பாளரே. முதல் அல்பத்தில் வந்த 'ஐ ஆம் சோ கிளாட்' ஸ்கிப் ஜேம்ஸ் 1931 இல் பதிவு செய்த பாடல். அப்பதிவால் ஜேம்ஸ் பெரிதாக எதையும் சம்பாதிக்கவில்லை. இசை ஆர்வலர்கள் 1964 இல் அவரைத் தேடிப் பிடித்தபோது மிசிசிப்பி வைத்தியசாலையொன்றில் நோயாளியாகக் கிடந்தார். கிறீம் தமது இசைத்தட்டில் அவரது பெயரைப் போட்டது. அதனால் வந்த உரிமைத்தொகை, 1969 இல் இறந்த அந்த முதியவரின் கடைசிக்கால மருத்துவச் செலவுக்கு உதவியது. இதைச் சின்ன விடயமாக எடுக்க முடியாது. கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களைத் தமது பெயரில் வெளியிட்ட பிரித்தானியக் குழுக்களும் அக்காலத்தில் இருந்தன. அதே டிக்சன் தனது வரிகளுக்காக லெட் செப்பலின் குழுமீது 1985 இல் வழக்குப் போட்டுத்தான் தீர்வு பெறவேண்டியிருந்தது.

கிறீமின் மிகப் பிரபலமான பாடலும் பேஸில் பிறந்ததே. 1967 ஜனவரியில் ஜிமி ஹென்ட்றிக்ஸின் லண்டன் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்த ஜாக், 'சன்ஷைன் ஒஃப் யுவர் லவ்' பாடலின் தொடக்க மெட்டை அமைத்தார். 12 சுற்று புளூஸ் வடிவத்தை 24 ஆக இழுத்து, அதன் அடியில் ஒரே மெட்டைத் திரும்பத்திரும்ப ஓடவிட்ட பாடல் அது. வரிகளைத் தொடங்கியவர் கவிஞர் பீற் பிறவுன். இருவரின் கூட்டு ஜாக்கின் கடைசி அல்பம்வரை தொடர்ந்தது.

1968 நவம்பரில் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் விடைபெறு நிகழ்ச்சியோடு கிறீம் கலைந்தது. மறு ஆண்டே ஜாக்கின் தனி அல்பம் 'சோங்ஸ் போர் எ ரெய்லர்' வெளியானது. கிறீமின் உடைகளைத் தைத்த ஜீனி பிராங்ளின் 1969 மே மாதம் வீதி விபத்தில் இறந்தார். தலைப்பிலுள்ள தையற்காரர் அவர்தான். பீற்றில்ஸின் ஜோர்ஜ் ஹரிசன் புனைபெயரில் ஒரு பாட்டுக்குக் கிற்றார் வாசித்திருக்கிறார். நீளமான கிற்றார் ஆலாபனையை எதிர்பார்த்து வாங்கிய இரசிகர்கள் ஏமாந்திருப்பார்கள். பித்தளை வாத்தியங்களும் பியானோவும் செலோவும் கலந்த சிறிய பாடல்கள் இவை. கிறீமுக்கென எழுதி ஒதுக்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு. தூய புளூஸ் அல்பம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் புளூஸைப் பிரதி செய்யாமல் அதற்குள்ளிருந்து சொந்தமாகப் பேசியது என்ற வகையில், கிறீமின் அல்பங்களைவிட இதுவே அவரது முழுமையான படைப்பு என்பது என் கருத்து.

பிறகு வந்த காலம் ஏற்ற இறக்கமானது. ரொனி வில்லியம்ஸின் 'லைப்ரைம்' குழுவில் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லாக்லினுடன் வாசித்தார். அந்த மக்லாக்லின்தான் பின்னர் வயலின் எல். சங்கர், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவைத் தொடங்கியவர். ஜாக் 1970களில் ஹெரோயினுக்கு அடிமையானார். பணமும் உடல்நலமும் போயின. அதிலிருந்து மீண்டு வந்தவர் 1994 இல் பேக்கருடனும் கரி மூருடனும் ஓர் அல்பம் செய்தார். 1997 இல், தன்னோடு கீபோட் வாசித்த மூத்த மகன் ஜோவை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தார்.

2003 இல் ஈரல் புற்றுநோய் கண்டறியப்பட்டு மாற்று ஈரல் பொருத்தப்பட்டது. உடல் அதை ஏற்க மறுத்ததால் சாவின் விளிம்புவரை போனார். ஆனாலும் 2005 மே மாதம் அதே றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் நான்கு இரவுகள் கிறீம் மீண்டும் வாசித்தது. இடையிடையே கதிரையில் சாய்ந்தபடி ஜாக் பாடினார். அதே ஆண்டு நியூயோர்க் நிகழ்ச்சிகளில் பேக்கருடனான பழைய கசப்பு மறுபடி தலைதூக்கியது.

கடைசி அல்பமான 'சில்வர் றெயில்ஸ்' 2014 மார்ச்சில் வந்தது. லண்டன் அபே றோட் கலையகத்தில் பதிவானது. மகன் மல்கமும் அதில் கிற்றார் வாசித்தார். குரல் தளர்ந்திருந்தது. பேஸ் தளரவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபர் 25 ஆம் திகதி ஈரல் நோயால் தனது 71 ஆவது வயதில் அவர் காலமானார். கோல்டர்ஸ் கிறீனில் நடந்த இறுதிச் சடங்கில் கிளப்ரனும் பேக்கரும் கலந்துகொண்டனர்.