பார்க்கத் தகுந்த படம் எது?

தலைநகர் தில்லியில் நான் வசிக்கும் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. மாதம் ஒரு முறை பொதுக்கூடத்தில் ஒரு திரைப்படத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். எந்தப் படத்தைக் காட்டுவது என்று தீர்மானிக்க ஐந்தாறு பேர் கூடுவோம். சென்ற முறை கூடியபோது, ஒரு நாழிகையில் முடியவேண்டிய அவ்வேலை இரவு பத்து மணிவரை நீண்டது.

ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், "குழந்தைகளுக்கு நல்ல நீதி புகட்டும் படமாக இருக்கட்டும்" என்றார். வங்கியில் பணிபுரியும் நண்பர், "நூறு நாள் ஓடிய படமே நல்ல படம், இலட்சக்கணக்கானவர்கள் ஏமாந்துபோவார்களா?" என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர், "வெளிநாட்டுப் பரிசு பெற்ற படங்களை வரிசையாக எழுதுங்கள், போதும்" என்றார். நான் 'பதேர் பாஞ்சாலி' என்ற வங்காளிப் படத்தின் பெயரைச் சொன்னேன். உடனே மூவரும் ஒன்றாகிவிட்டனர். "வங்காளம் யாருக்கு ஐயா தெரியும்?" என்பதே அவர்களின் ஒருமித்த கேள்வி.

நீதி, வசூல், பரிசு, மொழி என்னும் இந்நான்கு அளவுகோல்களும் நேற்று முளைத்தவை அல்ல. நம் நாட்டில் திரைப்படம் தோன்றிய நாள் முதலாக வந்துகொண்டிருப்பவை. ஆகவே, அந்த வரலாற்றைக் கொண்டே இவற்றைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச்சு 14 அன்று பம்பாயில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டது. அதனையே தமிழின் முதல் பேசும் படம் என்கிறோம். அப்படத்தை எடுத்தவர் 'ஆலம் ஆரா'வை எடுத்த அர்தேஷிர் இரானி, எடுத்த இடம் பம்பாய், இயக்கியவர் எச். எம். ரெட்டி. கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, உடன் நடித்தவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினார்கள். தமிழ்ப் பேசும் படம் பிறந்ததே அயலூரில், பல மொழிகளுக்கு நடுவில் என்பதை, அயல் மாநிலங்களில் வாழும் நாம் சற்றுப் பெருமிதத்தோடு நினைவுகூரலாம். "மொழி தெரியாத படம் நமக்கு எதற்கு?" என்று அன்றைய சென்னை மக்கள் கேட்டிருந்தால் 'காளிதா'ஸே ஓடியிராது.

'ஆலம் ஆரா', 'காளிதாஸ்' ஆகிய இரண்டு படங்களில் எதனையும் இன்று நாம் காண இயலாது. இரண்டின் பிரதியும் எஞ்சவில்லை. அவற்றுக்கு முன் இந்நாட்டில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் பிழைத்தவை மிகச் சிலவே. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியது 1964-இல்தான். அதற்குள் படச்சுருள்கள் பல மக்கியும் எரிந்தும் அழிந்தன. ஓடி முடிந்த படத்தை மீண்டும் யாரும் பார்க்க விரும்பமாட்டார்கள் என்ற எண்ணமே அந்த அழிவுக்குப் பெருந்துணை செய்தது. ஒரு படத்தை, "இதை மறுமுறையும் பார்க்கவேண்டும்" என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வது பொழுதுபோக்குப் பேச்சு மட்டும் அன்று; அப்படத்தின் ஆயுளை நீட்டும் செயலும் ஆகும்.

இப்போது 'பதேர் பாஞ்சாலி'யின் கதைக்கு வருவோம். விபூதிபூஷண் வந்தியோபாத்தியாயர் எழுதி 1929-இல் நூலாக வந்த நாவல் அது. கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணிபுரிந்த சத்யஜித் ராய், அந்நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தவர். 1947-இல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கி, பிற நாட்டுப் படங்களைப் பார்ப்பதும் அவற்றைப் பற்றி வாதிடுவதுமாக இருந்தார். 1950-இல் இலண்டனில் 'சைக்கிள் திருடர்கள்' என்ற இத்தாலியப் படத்தைக் கண்டதும், தாம் எடுக்க விரும்பிய படத்துக்கு வழி பிறந்துவிட்டதாக உணர்ந்தார்.

1952 சனவரியில் பம்பாயில் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. பின்பு அது தில்லி, கல்கத்தா, சென்னை நகரங்களுக்கும் சென்றது. 'சைக்கிள் திருடர்கள்' அவ்விழாவிலும் காட்டப்பட்டது. அதன் சாயலைப் பிமல் ராய் 1953-இல் தந்த 'தோ பீகா ஜமீ'னில் காணலாம். இத்தாலிய மொழி அறியாத பார்வையாளர்கள் ஓர் இத்தாலியப் படத்தைப் பார்த்ததால், நம் நாட்டுச் சினிமாவின் போக்கே ஓரளவு மாறியது.

அதே 1952-இன் அக்டோபரில் ராய் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்; அதற்குமுன் அவர் எந்தப் படத்துக்கும் ஒளிப்பதிவு செய்ததில்லை. நாணற்பூக்கள் நிறைந்த வெளியில் ஒரு நாள் படமெடுத்துவிட்டு, அடுத்த வாரம் திரும்பி வந்து பார்த்தால், பூக்களை எல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மறுபடி பூப்பதற்காக ஓராண்டு காத்திருந்தனர். பணம் தீர்ந்தது, மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. இறுதியில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது.

1954-இல் இந்தியா வந்திருந்த அமெரிக்க இயக்குநர் ஜான் ஹியூஸ்டன், முடிவுறாத அப்படத்தின் ஒரு சிறு பகுதியை ஒலியின்றியே பார்த்தார். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தாரிடம் அதைப் பரிந்துரைத்தார். 1955 மே 3 அன்று அந்தக் கலைக்கூடத்தில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அவசரமாக அனுப்பப்பட்ட அப்பிரதியில் மொழிபெயர்ப்பு வரிகளே இல்லை. வங்காளம் ஒரு சொல்லும் அறியாத கூட்டம் கடைசிவரை உட்கார்ந்து பார்த்து மனமுவந்து பாராட்டியது. மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இச்செய்தி சற்றுச் சங்கடமானதுதான். என் தொழிலுக்கு அங்கே வேலையே இருக்கவில்லையே!

அவ்வாண்டு ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் படம் வெளியானது. தொடக்கத்தில் கூட்டம் குறைவு. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொல்லச் சொல்ல, ஓரிரு வாரங்களில் அரங்கு நிறைந்தது. 1956-இல் கான் திரைப்பட விழாவில் நடுவர்களில் சிலர் வராதிருந்த வேளையில் அது காட்டப்பட்டது. விமரிசகர்கள் சிலர் வற்புறுத்தியதால் மீண்டும் ஒருமுறை திரையிடப்பட்டு, சிறந்த மனித ஆவணம் என்னும் பரிசைப் பெற்றது. பரிசும்கூட, "இன்னொரு முறை பாருங்கள்" என்று யாரோ சிலர் சொன்னதன் பின்னரே வந்தது என்பதை இளைஞர்கள் கவனிக்கவேண்டும்.

இப்படத்தின்மீது எழுந்த கண்டனத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. நம் நாட்டு வறுமையை உலகுக்குக் காட்டலாமா என்ற கேள்வி, படத்தைக் கானுக்கு அனுப்பும்போதே அரசு வட்டாரத்தில் எழுந்தது. நேரு அதனைப் பொருட்படுத்தவில்லை. 1980-இல் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த நடிகை நர்கிஸ், ராயின் படங்கள் வறுமையை ஏற்றுமதி செய்கின்றன என்று குறை கூறினார். அவரே நாயகியாக நடித்த 'மதர் இந்தியா' (1957) ஏழை உழவர் தாயின் துயரத்தைச் சொல்லும் படம். ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டதும் ஆகும். ஆகவே இருவருக்குமிடையே இருந்த பிணக்கு வறுமையைக் காட்டுவதா கூடாதா என்பதைப் பற்றியது அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. வறியவர்களை வீரர்களாக உயர்த்திக் காட்டுவதா, அண்டை வீட்டாராக அருகில் காட்டுவதா என்பதே அங்கு வழக்கு. இரண்டுக்கும் இடம் உண்டு. அண்டை வீட்டாராகக் காணும்போது நம் கண் எளிதில் தப்பித்துக்கொள்ள முடிவதில்லை. அந்தச் சங்கடமே கண்டனமாக வெளிப்பட்டது போலும்.

சிறுவனாக இருந்தபோது, தொலைக்காட்சியில் ஞாயிறு பிற்பகல்களில் வந்த மாநில மொழிப் படங்களுள் ஒன்றாகவே இதை நான் முதன்முதலில் பார்த்தேன். தந்தையார், "என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை" என்று எழுந்து போய்விட்டார். அம்மாவுக்கு வங்காளமும் தெரியாது. கீழே ஓடிய ஆங்கில வரிகளும் தெரியா. ஆனால் எழுந்திருக்கவில்லை. மகள் துர்க்கை இறந்துபோனதை அறியாமல், அவளுக்குப் புடவை வாங்கிக்கொண்டு தகப்பன் ஊர் திரும்புகிறான். அப்புடவையைக் கையில் வாங்கிய தாய் கதறுகிறாள். அந்தக் கதறல் நம் செவிக்கு எட்டுவதில்லை. அவள் குரலுக்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்னும் வாத்தியத்தின் ஓலம் எழுகிறது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை இன்றும் மறக்கவில்லை. பிறகு, துர்க்கை திருடவில்லை என்று சாதித்திருந்த பாசிமணி மாலையைத் தம்பி அப்பு கண்டெடுத்து, எவரும் அறியாமல் குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. "அக்காவைக் காப்பாற்றிவிட்டான்" என்றார் அம்மா. அந்தக் காட்சியில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

அன்று அம்மாவிடம் கற்ற அளவுகோலே இன்றும் என்னிடம் இருப்பது. வசனத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது என்ன? அந்த எச்சம் நம்மை மறுமுறை பார்க்க அழைக்கிறதா? அழைக்குமானால் அது பார்க்கத் தகுந்த படம்.

இதனால் கேளிக்கைப் படங்களை ஒதுக்குகிறேன் என்று அன்பர்கள் எண்ணவேண்டா. 1948-இல் எஸ். எஸ். வாசன் தந்த 'சந்திரலேகா' தமிழில் வந்த அதே ஆண்டில் இந்தியிலும் வந்து, வட நாடெங்கும் ஓடியது. பெரும் முரசுகளின்மேல் ஆடும் நடனமும், முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் வெளிப்படுவதும் எந்த மொழியும் வேண்டாத இன்பம். வங்கி நண்பரின் அளவுகோல் அங்கே பொய்க்கவில்லை. பாட்டும் நடனமும் இன்றி எஸ். பாலசந்தர் 1954-இல் இயக்கிய 'அந்த நாள்' நேர் எதிரானது. வானொலிப் பொறியாளர் ஒருவரின் கொலையைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். பேச்சு மிகுந்த படந்தான். ஆனால் பேச்சை அப்படியே நம்பாதே என்பதே அதன் பாடம். அதற்கு மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது.

நீதி வேண்டும் என்ற பெரியவருக்கும் படம் உண்டு. சானே குருஜியின் நூலைத் தழுவி ஆச்சார்ய அத்ரே எடுத்த மராத்திப் படமான 'சியாம்சி ஆயி' (1953), குடியரசுத் தலைவரின் முதல் தங்கப் பதக்கத்தை வென்றது. தாய் மகனுக்கு ஊட்டும் அறமே அதன் கதை. தகழியின் நாவலைக் கொண்டு ராமு காரியாட் 1965-இல் எடுத்த மலையாளப் படமான 'செம்மீ'னுக்கு வங்காளியான சலீல் சௌதுரி இசையமைத்தார். பம்பாயிலும் கொச்சியிலும் வாழும் நம்மவர்கள் இவற்றைத் தேடிப் பார்த்தல் நலம். அண்டை வீட்டாரின் மொழி நாவில் வருமுன்பே, அவர்தம் வாழ்வு கண்ணில் வந்துவிடும்.

'பதேர் பாஞ்சாலி'யின் வரலாறு 1956-உடன் முடியவில்லை. 1993-இல் இலண்டன் படச்சாலை ஒன்றில் மூண்ட தீயில் அதன் மூலச்சுருள்கள் கருகின. கருகியவற்றைக் குப்பை என்று எறியாமல், அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் சேமித்து வைத்தனர். இருபது ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் பொலோனா நகரத்துக் கைவினைஞர்கள் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் உழைத்து, சட்டம் சட்டமாக அதனைச் செப்பனிட்டார்கள். 2015 மே மாதம், அறுபது ஆண்டுகளுக்கு முன் அது முதலில் ஒளிர்ந்த அதே நியூயார்க் கலைக்கூடத்தில் மீண்டும் ஒளிர்ந்தது. 'காளிதா'ஸுக்கு அப்படிக் காத்திருக்க எவரும் இல்லாமற்போயினர்.

எங்கள் குடியிருப்பில் அடுத்த மாதப் பட்டியலில் 'பதேர் பாஞ்சாலி' ஒருவாறு இடம்பெற்றுவிட்டது. வங்கி நண்பர் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: அடுத்த படம் 'சந்திரலேகா'வாக இருக்கவேண்டும். மனமுவந்து ஒப்புக்கொண்டேன். ஓய்வு பெற்ற அன்பரோ, "பாதியில் எழுந்து போனால் கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று முன்னரே சொல்லிவைத்தார். போகட்டும். என் தந்தையாரும் அன்று எழுந்துதான் போனார்; ஆனால் படம் முடியும் தறுவாயில் கதவருகே வந்து நின்று, "அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்டார்.