நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பு: விழிப்பூட்டிய வருகையா?

எகிப்தின் நவீன வரலாற்றை எழுதப்புகுவோர் அதனை 1798ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குதல் நெடுங்காலமாக மரபாகிவிட்டது. துயின்று கிடந்த கீழைத்தேயமொன்றை நெப்போலியன் பொனப்பாட்டின் பீரங்கிகள் துயிலெழுப்பின என்பது அம்மரபின் சாரம். அக்காலத்திற் கெய்ரோவில் வாழ்ந்து, கண்டவற்றை உடனுக்குடன் எழுதிவைத்த அப்த் அல்-ரஹ்மான் அல்-ஜபர்த்தி என்னும் அறிஞரின் குறிப்புகளோடு ஒப்புநோக்குமிடத்து இக்கூற்று எவ்வளவு தூரம் நிலைபெறும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

எகிப்தியரை விழிப்பூட்டுதல் படையெடுப்பின் நோக்கமன்று. இங்கிலாந்தை நேரே தாக்கும் கடற்பலம் பிரெஞ்சு அரசிடம் இருக்கவில்லை. ஆதலின் இந்தியாவுக்கான வழியில் அதனை நலிவிக்க அவ்வரசு எண்ணிற்று. 1799 சனவரியில் நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்றாகும். அது பிரித்தானியர் கையிற் சிக்கியது. அவ்வாண்டு மே 4ஆம் நாள் சிறீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்புவும் மடிந்தார். அந்நகர்க் கோட்டையின் மீதான இறுதித் தாக்குதலை நடத்திய பெயர்ட் என்பவரே 1801இல் இந்தியச் சிப்பாய்களுடன் செங்கடல் வழியே எகிப்திற் சென்றிறங்கினார் என்பதும் நினைவுகூரத்தக்கது.

போர் நிகழ்ச்சிகளை விரித்துரைத்தல் வேண்டுவதில்லை. 1798 யூலைத் தொடக்கத்தில் அலெக்சாந்திரியா வீழ்ந்தது. அம்மாதம் 21ஆம் நாள், பிரமிட்டுச் சமர் என வழங்கும் போரில், முராத் பேயின் மம்லூக் குதிரைப்படை சிதறியது. ஓகஸ்ட் 1ஆம் நாள் அபூக்கீர் விரிகுடாவில் நெல்சன் பிரெஞ்சுக் கடற்படையை அழித்தார். அன்றிலிருந்து வெற்றி பெற்ற படை, வென்ற நாட்டிலேயே சிறைப்பட்ட படையாயிற்று.

நெப்போலியன் வெளியிட்ட அரபுப் பிரகடனமே நம் கவனத்துக்குரியது. இறைநாமத்துடன் தொடங்கி, பிரெஞ்சுக்காரர் இசுலாத்தின் நண்பர் எனவும், மம்லூக்குகளின் கொடுமையிலிருந்து மக்களை மீட்கவே வந்தனர் எனவும் அது கூறிற்று. அல்-ஜபர்த்தி அதனை ஓர் ஆசிரியர் மாணவனின் விடைத்தாளைத் திருத்துவது போலத் திருத்தினார். சொற்பிழை, தொடர்ப்பிழை, பொருட்பிழை ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டினார். இதனை வெறும் இலக்கணப் பண்டிதரின் குறைகாணலென ஒதுக்கிவிடலாகாது. மக்களின் மொழியையே செம்மையாக அறியாதார் அம்மக்களின் மீட்பர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளுதலின் பொய்ம்மையை அவர் அங்கே கண்டார்.

எனினும் அவர் குருட்டுப் பகைவரல்லர். படையுடன் வந்த ஏறத்தாழ 160 அறிஞரைக் கொண்டு கெய்ரோவில் நிறுவப்பட்ட கழகத்துக்குச் சென்று, அதன் நூலகத்தையும், அங்கு நூல்களைக் கற்போரின் ஊக்கத்தையும் வியந்து எழுதினார். நெப்போலியனுக்குப் பின் தளபதியான கிளேபரை 1800 யூனில் சுலைமான் அல்-ஹலபி என்ற மாணவன் கொன்றபோது, பிரெஞ்சுக்காரர் விசாரணையின்றித் தண்டியாமையைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். (அவ்விசாரணையின் முடிவில் கையை எரித்துக் கழுவேற்றினர் என்பது வேறு.)

1798 ஒக்தோபரில், புதிய வரிகளும் சொத்துப் பதிவும் சினமூட்ட, கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அல்-அஸ்ஹர் பள்ளிவாசலைச் சூழ்ந்த பகுதி பீரங்கிக்கு இரையாயிற்று. குதிரைகளுடன் வீரர் பள்ளிவாசலுட் புகுந்தனர், நூல்கள் கிழித்தெறியப்பட்டன. கழகத்து நூலகத்தை வியந்த அதே பேனாவே இதனையும் எழுதியது. அறிவும் அழிவும் ஒரே கப்பலில் வந்திறங்கின என்பதை அவர் எங்கும் மறைக்கவில்லை.

இனி விளைவுகளுக்கு வருவோம். 1799இல் ஏக்கர் முற்றுகையிற் தோற்று மீண்ட நெப்போலியன், ஓகஸ்டில் இரகசியமாகப் பிரான்சுக்குத் திரும்பினார். எஞ்சிய படை 1801இற் சரணடைந்தது. ரொசெற்றாக் கல் இலண்டனுக்குச் சென்றது. அதன் துணையாற் சம்பொலியோன் 1822இற் பண்டைய எகிப்திய எழுத்தின் மறைபொருளைத் துலக்கினார். அறிஞர் தொகுத்த 'எகிப்து விவரணம்' என்ற பெருநூல் 1809 முதற் பாரிசில் வெளியாயிற்று. இவை உலக அறிவுக்கு அருங்கொடைகளே. ஆயின் அன்றைய எகிப்தியரின் கைக்கு அவை எட்டவில்லை. எகிப்து ஐரோப்பாவுக்கு அறிமுகமாயிற்று என்பது பொருந்தும். எகிப்து விழித்தது என்பதற்கு அது சான்றாகாது.

எகிப்தில் நிலைத்த விளைவு அரசியல் சார்ந்தது. மம்லூக்குகளின் முதுகெலும்பு முறிந்தது. துருக்கியர் மீண்டனரெனினும் பழைய ஆணை வேரூன்றவில்லை. அந்நியருக்கெதிராக இருமுறை எழுந்த கெய்ரோ நகரம், 1805இல் உமர் மக்ரம் முதலிய தலைவர்களின் வழிகாட்டலில் துருக்கிய ஆளுநர் குர்ஷித் பாஷாவையே அகற்றக் கிளர்ந்து, அல்பேனியப் படைப்பிரிவின் தளபதியான முகம்மது அலியை அப்பதவிக்கு உயர்த்திற்று. சுல்தான் அதனை ஏற்கவேண்டியதாயிற்று. துயின்ற மக்கள் என்று கூறப்பட்டோர் செய்த செயல் இது. முகம்மது அலியோ தம்மை உயர்த்திய உமர் மக்ரமை 1809இல் நாடுகடத்தினார். 1811 மார்ச்சில் மம்லூக் தலைவர்களைக் கெய்ரோக் கோட்டைக்கு விருந்தினராக அழைத்துக் கொல்வித்தார்.

புதிய படை, தொழிற்சாலைகள், பிரான்சுக்கு மாணவர் குழு, பூலாக்கில் அரபு அச்சகம் என அவர் செய்தவை பல. பிரெஞ்சு முன்மாதிரி இவற்றிற் புலப்படுகின்றது. ஆயின் அதனைத் தெரிந்தெடுத்தவர் அவரே. விழிப்புக்குரிய பெருமையை நெப்போலியனுக்குக் கொடுப்போர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்வதில்லை. புதிய ஆட்சியின் வரிகளையும் கொடுமைகளையும் அல்-ஜபர்த்தி பிரெஞ்சுக்காரரின் செயல்களைப் போலவே கடிந்தெழுதினார். அவரது பெருநூல் பூலாக் அச்சகத்தில் முழுமையாக அச்சேறியது அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின்னரேயாகும்.