மூலத்தைத் தொடாத திருத்தம்: சுவடிப் படங்களும் லேயர் முறையின் வளர்ச்சியும்

முன்னுரை

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் கோயிலும், பாறைப் புடைப்புச் சிற்பங்கள் கொண்ட மலைநாதர் கோயிலும் அதன் பழமைக்குச் சான்றுகள். இத்தகைய மடங்கள் காத்துவந்த ஓலைச்சுவடிகளைப் படமெடுத்துக் கணினியில் தெளிவாக்கும்போது முதன்மையாகப் பயன்படுவது லேயர் என்னும் வசதி. மூலத்தையும் திருத்தத்தையும் பிரித்து வைக்கும் இம்முறை உருவான வரலாற்றையும், அது சுவடி ஆய்வாளருக்குத் தரும் பொறுப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓலையும் கண்ணாடியும்

எழுத்தாணியால் கீறிய எழுத்துக்கு நிறமில்லை. விளக்குக்கரியை இலைச்சாற்றோடு குழைத்துப் பூசித் துடைத்தால், கீறலுக்குள் மை தங்கி எழுத்து துலங்கும். கான்ட்ராஸ்டைக் கூட்டும் பழைய வழி இது. ஆனால் ஓலையில் விழுந்த வெடிப்பிலும் அதே மை ஏறும். ஏறியதைப் பிரிக்க முடியாது.

19ஆம் நூற்றாண்டு ஒளிப்பட ஸ்டுடியோக்களின் ரீடச்சிங்கும் இத்தகையதே. கண்ணாடி நெகட்டிவ்மீது வார்னிஷ் தடவி, பென்சிலால் முகச்சுருக்கத்தை மறைத்தார்கள். கத்தி முனையால் சுரண்டினார்கள். 1857இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கினார். அச்சிட்டபின் அந்த இணைப்பையும் பிரிக்க இயலாது. 1914இல் ஏர்ல் ஹர்ட் கார்ட்டூன் படங்களுக்குக் கொண்டுவந்த ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாள்தான் திருப்பம். பின்னணி ஓவியம் அப்படியே இருக்க, மேலுள்ள தாளை மட்டும் மாற்ற முடிந்தது.

கணினியில் லேயர்

தாமஸ் நோல் 1987இல் எழுதத் தொடங்கிய நிரல், தம்பி ஜான் நோலின் பங்களிப்போடு வளர்ந்து, 1990 பிப்ரவரியில் அடோபியின் போட்டோஷாப்பாக வெளிவந்தது. தொடக்கப் பதிப்புகளில் ஒரு படத்தின்மேல் ஒட்டியது அதனோடு கலந்துவிடும். 1994இல் 3.0 பதிப்பு லேயர்களைத் தந்தது. 1996இல் 4.0 பதிப்பின் அட்ஜஸ்ட்மென்ட் லேயர், பிக்சலை மாற்றாமல் ஒளியையும் நிறத்தையும் மாற்ற வழிசெய்தது. 1998இல் 5.0 பதிப்பு, செய்த மாற்றங்களை வரிசையாகக் காட்டும் ஹிஸ்டரியைச் சேர்த்தது. கட்டற்ற மென்பொருளான ஜிம்ப்பிலும் லேயர்கள் வந்ததால், உரிமத்துக்குப் பணமில்லாத சிறு நூலகமும் இம்முறையைக் கையாள முடிகிறது.

சுவடியில் பயனும் இடரும்

கரிமை அகச்சிவப்பு ஒளியிலும் கருமையாகவே தெரியும். ஓலையின் பழுப்பும் கறையும் பெரிதும் வெளிறிவிடும். சாதாரணப் படத்தின்மேல் அகச்சிவப்புப் படத்தைத் தனி லேயராகப் பொருத்தி, மங்கிய இடங்களில் மட்டும் மாஸ்க் வழியே காட்டினால் மறைந்த வரி மீளும். அடிப்படம் மாறுவதில்லை.

2002இல் 7.0 பதிப்போடு வந்த ஹீலிங் பிரஷ் இதற்கு நேர்மாறான இடர் உடையது. சுற்றியுள்ள பரப்பைக் கொண்டு குறையை நிரப்பும் அக்கருவி முகத்தின் பருவுக்கு ஏற்றது, சுவடிக்கு ஆபத்தானது. ஓலைகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும், காலுக்கும் ரகரத்துக்குமான வேறுபாடும் பல கைகளில் தெளிவாக இல்லை. ஆகவே ஒரு சிறு துளை பூச்சி அரித்ததா, எழுதியவர் இட்டதா என்பதை முடிவுசெய்வது பதிப்பாசிரியரின் வேலை. படத்தைச் சுத்தம் செய்பவர் அதைத் தேய்த்துவிட்டால், ஒரு சொல்லின் பாடமே மாறிவிடும். பின்னால் வருபவருக்கு ஐயம் கொள்ளவும் தடயம் இராது.

முடிவுரை

லேயர் முறையின் உண்மையான ஆக்கம், திருத்தத்தைத் திரும்பப்பெறத்தக்கதாகவும் பிறர் சரிபார்க்கத்தக்கதாகவும் ஆக்கியதே. நல்ல பதிப்பாசிரியர் தாம் கொண்ட பாடத்தோடு பாடபேதங்களையும் அடிக்குறிப்பில் தருகிறார். சுவடிப் படத்துக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும். மூலப் படத்தை டிஃப் வடிவில் தனியே காக்க வேண்டும். திருத்திய கோப்பின் லேயர்களை ஒன்றாக்கிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் பெயரும் காரணமும் எழுதிவைக்க வேண்டும். நிரப்பும் கருவிகளை எழுத்துப் பரப்பில் பயன்படுத்தக் கூடாது. மடங்களின் சுவடிகளைப் படமாக்கும் நிறுவனங்கள் இம்மூன்றையும் விதியாகவே ஏற்க வேண்டும். ஓலை அழிந்தபின் எஞ்சப்போகும் ஒரே சான்று அந்தக் கோப்புதான்.