பைத்தியம், குடும்பம், பேச்சு: சில குறிப்புகள்

ஃபூக்கோவின் பெயரைச் சொல்லாமல் நம்மில் யாரும் பைத்தியம் பற்றி எழுதுவதில்லை. ஆனால் 1961இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் 1656இல் பாரிசில் தொடங்கிய அடைப்பைத்தான். யார்க் நகரில் குவேக்கர்கள் 1796இல் திறந்த விடுதி பற்றிய பகுதியை ஏனோ அவ்வளவாகத் தொடுவதில்லை. அங்கே சங்கிலி குறைவு, அன்பு அதிகம் என்பது வழக்கமான வரலாறு. ஃபூக்கோ அதைத் தலைகீழாக வாசிக்கிறார்: அந்த விடுதி ஒரு போலிக் குடும்பம், கண்காணிப்பவர் தகப்பன், நோயாளி வயதுக்கு வராத பிள்ளை. சங்கிலி இருந்த இடத்தில் குற்றவுணர்வு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

போலிக் குடும்பத்துக்குப் பதில் நிஜக் குடும்பமே ஆஸ்பத்திரிக்குள் வந்தால்?

அது அமிர்தசரசில் நடந்தது. பிரிவினைக்குப் பின் 1950இல் இந்தியாவும் பாகிஸ்தானும் மனநோயாளிகளையும் மதவாரியாகப் பிரித்துப் பரிமாறிக்கொண்டன. மண்ட்டோவின் 'தோபா தேக் சிங்' கதைக்குப் பின்னால் உள்ள சரித்திரம் இதுதான். லாகூரிலிருந்து வந்தவர்கள் அமிர்தசரசுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யா சாகர், ஐம்பதுகளில், நோயாளியின் உறவினர்களை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். காரணத்தில் தத்துவம் ஒன்றும் பெரிதாக இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை. ஆனால் விளைவு வேறு. பக்கத்துக் கூடாரத்திலும் இதே கதைதான் என்று கண்டதும் 'எங்க வீட்ல மட்டும் ஏன் இப்படி' என்கிற வெட்கம் கொஞ்சம் கழன்றது. ஊர் திரும்பியவர்கள், இது குணமாகக்கூடியது என்பதைச் சொல்லிக்கொண்டு போனார்கள். வேலூர் சிஎம்சி 1957இல் தொடங்கிய மனநல மையம் இதையே ஒழுங்கான முறையாக்கியது: நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கியாக வேண்டும்.

இதே சமயத்தில் லண்டனிலிருந்து வேறொரு செய்தி வந்தது. 1958இல் ஜார்ஜ் பிரௌனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, மருத்துவமனையிலிருந்து பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆண்கள், வாடகை விடுதிகளுக்குப் போனவர்களைவிட அதிகமாக மறுபடியும் நோயில் விழுந்தார்கள். வீடு மருந்தாக இருக்கும் என்ற நம்பிக்கையில் விழுந்த அடி இது. பிரௌன் பிறகு வீட்டுப் பேச்சையே அளக்கத் தொடங்கினார். 'சும்மா படுத்துக் கெடக்கான், எல்லாம் கொழுப்பு' என்பது ஒரு வகை. 'நான் ஊட்டினாத்தான் அது சாப்பிடும்' என்பது இன்னொரு வகை. முதலாவதைக் குறைகூறல் என்போம்; இரண்டாவது தியாகமாகத் தெரியும். இரண்டுமே நோய் திரும்புவதோடு சேர்ந்து வந்தன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

குடும்பத்துக்கான ஆலோசனை என்று இன்று நாம் சொல்வதில் உருப்படியான பகுதி இங்கிருந்து பிறந்தது. எழுந்திருக்க முடியாமல் கிடப்பது சோம்பல் அல்ல, நோயின் கூறு என்று சொல்லித் தருவது. தூக்கம் கெடுவது போன்ற முதல் அறிகுறிகளைக் கண்டுகொள்ளப் பழக்குவது. பார்த்துக்கொள்பவர் தினமும் சில மணிநேரமாவது வெளியே போய்வர வழிசெய்வது. 1948இல் அமெரிக்காவில் 'நோயை உண்டாக்கும் தாய்' என்றொரு கருத்தைப் புழக்கத்தில் விட்டு ஒரு தலைமுறைத் தாய்மாரைக் கூண்டிலேற்றியதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவோ நாகரிகமானது.

ஆனால் 'குடும்பம்' என்று இங்கே யாரைச் சொல்கிறோம்? கணவனுக்கு நோய் என்றால் மனைவி தங்குகிறாள். மனைவிக்கு நோய் என்றால் பெரும்பாலும் அவளுடைய அம்மாதான் பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறாள். இந்து திருமணச் சட்டம் (1955) மனநோயை விவாகரத்துக்கான காரணங்களில் ஒன்றாக இன்றும் வைத்திருக்கிறது. 'நம்ம ஊர்ல குடும்பம் பார்த்துக்கும்' என்ற பெருமையில், அரசு செய்யாத செலவும் கணக்கில் வராத பெண் உழைப்பும் சேர்ந்தே ஒளிந்திருக்கின்றன.

குடும்பமும் ஒரு கட்டத்தில் கைவிடும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில், தர்காவை ஒட்டிய ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். கட்டியிருந்த சங்கிலியால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களைக் கொடியவர்கள் என்று திட்டிவிட்டு நகர்வது சுலபம். வீட்டுக்குப் பக்கத்தில் மருத்துவரோ பேசுவதற்கு ஒரு ஆளோ இல்லாதவர்களுக்கு தர்காவும் கோயிலும் மட்டுமே திறந்திருந்தன என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

'கவுன்சலிங்' என்பதை ஈழத்தில் 'உளவளத்துணை' என்கிறார்கள். இங்கே 'ஆற்றுப்படுத்துதல்' என்றும் எழுதுகிறோம். இரண்டாவது சொல் தெரிந்தோ தெரியாமலோ பத்துப்பாட்டைக் கூப்பிடுகிறது. அதில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. அங்கே வழி சொல்பவன் மேலேயிருந்து பேசும் நிபுணன் அல்ல. நேற்றுவரை அதே பசியோடு நடந்தவன். மலைபடுகடாம் வழியிலுள்ள ஆபத்துகளையும் மறைக்காமல் சொல்கிறது. பாதை கடைசியில் அரசன் வாசலில்தான் முடிகிறது என்ற சந்தேகம் நமக்கு இருக்கட்டும். இருந்தாலும், அமிர்தசரஸ் கூடாரங்களில் ஒரு தாய் இன்னொரு தாயிடம் பேசியது இந்த வகைப் பேச்சுக்குத்தான் நெருக்கம், மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து வரும் அறிவுரைக்கு அல்ல.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தன் சார்பில் பேச ஒருவரை நோயாளியே நியமிக்கலாம் என்கிறது. அவர் கணவனாகவோ அண்ணனாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை, சிநேகிதியாகவும் இருக்கலாம். வார்டு வாசலிலோ இன்னமும் கேட்கிற முதல் கேள்வி, 'கூட யாரு வந்திருக்காங்க?'