காட்டு வாத்தின் நகம்

இயற்கை விவசாயம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மில் பலருக்கு மனம் குளிர்ந்து விடுகிறது. ரசாயன உரம் கிடையாது, பூச்சி மருந்து கிடையாது, களைக்கொல்லி கிடையாது; பாட்டன் காலத்துச் சோறு. நல்ல காரியந்தான். ஆனால் பாட்டன் காலத்து வயலில் முளைத்த களையை எடுத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இயற்கை வந்து எடுத்துவிட்டுப் போகவில்லை. மனிதர்கள் குனிந்து எடுத்தார்கள். நம் பக்கத்தில் அநேகமாக அது பெண்கள் வேலை.

இந்த விஷயத்தில் ஜப்பானியரின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பது உபயோகமாக இருக்கும். களையெடுப்பைப் பற்றி அவர்களைப் போல அக்கறையாக எழுதி வைத்தவர்கள் குறைவு. நமக்கும் அவர்களுக்கும் இதில் ஒரு சிறு கொடுக்கல் வாங்கலும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால்தான் வயலில் நீர் கட்டுகிறோம் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. நெற்பயிர் தன் தண்டுக்குள் காற்று செல்லும் வழிகளை வைத்திருக்கிறது; அவற்றின் மூலமாகச் சேற்றில் கிடக்கும் வேருக்குப் பிராணவாயு போய்ச் சேருகிறது. பெரும்பாலான களைகளுக்கு இந்த வசதி இல்லை. நீருக்கடியில் மூச்சு முட்டி, அவற்றின் விதைகள் முளைக்காமலே கிடக்கின்றன. ஆகவே, வரப்புக்குள் நிற்கும் தண்ணீர்தான் மனிதன் கண்ட முதல் களைக்கொல்லி. நாற்றுவிட்டு நடுவதும் அதே யுக்தியின் இரண்டாவது படி. ஒரு மாதத்து நாற்று, இன்னும் பிறக்காத புல்லோடு போட்டிக்கு நின்றால் ஜெயிக்காதா? ஆறாம் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய ஜியா ஸிஷியே என்ற சீனர், பயிரைப் பிடுங்கி நடுவதற்குக் களையைத்தான் காரணமாகக் காட்டுகிறார்.

இந்த இரண்டையும் மீறி வருகிற புல் ஒன்று உண்டு. குதிரைவாலி அரிசி என்று நாம் பொங்கிச் சாப்பிடுகிறோமே, அதனுடைய காட்டுப் பங்காளி அது. முளைத்த புதிதில் அதற்கும் நெல்லுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆதியில் அது அப்படி இருக்கவில்லை. அடித்தண்டு சிவந்து தரையோடு படர்ந்த செடிகள், களை எடுப்பவர் கண்ணில் சட்டென்று பட்டன, பிடுங்கி எறிந்தார்கள். பச்சையாக, நெல்லைப் போல நிமிர்ந்து நின்றவை தப்பித்து விதை உதிர்த்தன. தலைமுறை தலைமுறையாக இப்படியே நடந்து, புல் நெல்லின் வேஷத்தைக் கற்றுக்கொண்டது. யாங்ஸி நதிப் பக்கத்துப் புற்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2019ஆம் வருஷம் வெளியிட்டார்கள். இந்த வேஷம் தொடங்கிச் சுமார் ஆயிரம் வருஷம் ஆயிற்றாம். களை எடுத்தவளின் கண்தான் களைக்கு வேஷம் கட்டிவிட்டது. ஆயிரம் வருஷம் எத்தனை பேர் குனிந்தார்கள் என்பதற்கு எந்த அரசனும் கல்வெட்டு வைக்கவில்லை, புல் வைத்திருக்கிறது.

இனி ஜப்பானுக்குப் போவோம். தெற்கே கியூஷூ தீவில் ஃபுகுவோகா சீமையில், மியாஸாகி யாஸுஸதா என்றொருவர் இருந்தார். பிரபுவிடம் பார்த்த உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கிராமத்தில் போய் மண்வெட்டி பிடித்தவர். அவருடைய பெரிய விவசாய நூல் 1697இல் வெளிவந்தது. அதில் அவர் விவசாயிகளை மூன்று ஜாதியாகப் பிரிக்கிறார். புல் தலைகாட்டும் முன்பே நிலத்தைக் கிளறிக் களைபவன் உத்தமன். கண்ட பிறகு எடுப்பவன் மத்திமன். கண்டும் எடுக்காதவன் அதமன். அவரே சேற்றில் இறங்கியவராகையால் எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் அந்தப் போதனைக்கு அர்த்தம் என்ன? புல் இருந்தாலும் குனி, இல்லாவிட்டாலும் குனி என்பதுதானே?

அப்படித்தான் குனிந்தார்கள். நடவு முடிந்ததும் முதல் களை, பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று, ஆடி வெயிலைப் போன்ற வெயிலில், வெந்நீராகக் கொதிக்கும் வயலில் ஆணும் பெண்ணும் தவழ்ந்து போனார்கள். பயிர் வளர வளர அதன் நுனி முகத்தில் கீறும், கண்ணில் குத்தும். அதற்காக வலை பின்னிய முகமூடி கட்டிக்கொண்டு களை எடுத்திருக்கிறார்கள். விரல் நகம் தேய்ந்து போகாமல் இருக்க ஓர் இரும்புக் கருவியும் வந்தது. வளைந்த மூன்று நான்கு பற்கள், சின்னக் கைப்பிடி. காட்டு வாத்தின் நகம் என்று அர்த்தப்படும்படி அதற்கு ‘கன்ஸுமே’ என்று பெயர் வைத்தார்கள். நகத்துக்கு உபகாரம் செய்த அந்தக் கருவி முதுகுக்கு ஒன்றும் செய்யவில்லை.

முதுகை முதலில் நினைத்தவர் டொட்டோரி மாகாணத்து விவசாயி நகாய் தாயிச்சிரோ. நின்றபடியே தள்ளிக்கொண்டு போகக்கூடிய சக்கரக் கருவி ஒன்றுக்கு அவர் 1892இல் காப்புரிமை பெற்றார். ஆனால் சக்கரம் ஓட வேண்டுமானால் நாற்று நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிற்க வேண்டுமல்லவா? மனம்போனபடி நட்டுப் பழகிய குடியானவர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. பல மாகாணங்களில் வரிசை நடவுக்கு உத்தரவு போட்டு, இடையில் வாள் தொங்கும் போலீஸ்காரர்களை வரப்புக்கு அனுப்பினார்கள். ‘பட்டாக்கத்தி விவசாயம்’ என்று ஜனங்கள் பரிகாசம் செய்தார்கள். ஒரு நல்ல காரியத்தைக்கூடச் சர்க்கார் எப்படிச் செய்யும் பாருங்கள்!

கொடுக்கல் வாங்கல் என்று சொன்னது இந்தக் கருவியைத்தான். 1953 முதல் நம் தேசத்தில் ‘ஜப்பான் முறை நெல் சாகுபடி’ என்று ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. வரிசை நடவும் உருளைக் களைக்கருவியும் அதோடு வந்தவை. இன்று ஒற்றை நாற்று நடவு செய்கிறவர்கள் கோனோவீடர் என்று தள்ளுகிறார்களே, அதுவும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

சக்கரம் வந்தும் பாரம் தீரவில்லை. 1949இல் ஜப்பானில் கால் ஏக்கர் நெல் வயலுக்குக் களையெடுக்க மட்டும் சுமார் 50 மணி நேரம் பிடித்தது. ஏக்கருக்கு ஓர் ஆள் நாளைக்கு எட்டு மணி வீதம் 25 நாள்! அடுத்த வருஷமே 2,4-டி என்ற களைக்கொல்லி வந்தது. பிறகு பி.சி.பி. வந்தது. காலப்போக்கில் அந்த 50 மணி 2 மணிக்கும் கீழே இறங்கிவிட்டது. மருந்தைத் தெளித்தவர்களைப் பேராசைக்காரர் என்று ஏசுவது நியாயமில்லை. வளைந்த முதுகு நிமிராமலே செத்துப்போன தாயாரைப் பார்த்தவர்கள் அவர்கள். விலை வேறு இடத்தில் கொடுக்கப்பட்டது. 1962 கோடையில் பெருமழை பெய்து, வயல்களிலிருந்த பி.சி.பி. ஆற்றோடு போய் அரியாகே கடலிலும் பீவா ஏரியிலும் கலந்தது. மீனும் சிப்பியும் குவியல் குவியலாகச் செத்தன. முதுகு வலி செம்படவன் வயிற்றுக்கு மாறியது.

இதற்கு மாற்றுத் தேடியவர்களில் நமக்குத் தெரிந்த பெயர் மசனோபு ஃபுகோகா. அவருக்கும் ஃபுகுவோகா சீமைக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர சம்பந்தமில்லை. அவர் ஷிகொகு தீவுக்காரர். உழாமல், வைக்கோலைப் பரப்பி, இடையில் தீவனப் பூண்டு விதைத்துக் களையை அடக்கலாம் என்று காட்டினார். அவர் புத்தகத்தைப் படித்தவர்கள் ஏராளம். அதன்படி பயிர் செய்து பிழைத்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

மியாஸாகி வாழ்ந்த அதே ஃபுகுவோகாவில், கெய்ஸென் என்ற ஊரில், டகாவோ ஃபுருனோ என்ற விவசாயி மருந்தில்லாமல் நெல் பயிரிடத் துணிந்தார். சுமார் பத்து வருஷம் கையால்தான் களை எடுத்தார். 1988இல் வயலில் வாத்துக் குஞ்சுகளை விட்டார். காட்டு வாத்துக்கும் வீட்டு வாத்துக்கும் பிறந்த கலப்பினம் அது, ‘ஐகாமோ’ என்பார்கள். தெருநாய்கள் வந்து குஞ்சுகளைக் கடித்துக் குதறின. மின்சார வேலி போட்ட பிறகுதான் நாய்த் தொல்லை தீர்ந்தது.

நட்டு ஒன்றிரண்டு வாரத்தில் கால் ஏக்கருக்குப் பதினைந்திலிருந்து முப்பது குஞ்சுகள் வரை விடுகிறார்கள். நெல் இலையில் சிலிக்கா மிகுந்து சொரசொரவென்று இருப்பதால் வாத்து அதைத் தொடுவதில்லை. மெல்லிய களையையும் பூச்சியையும் தின்கிறது. அதைவிடப் பெரிய உதவி அதன் காலால்தான். ஓயாமல் சேற்றைக் கலக்குவதால் தண்ணீர் கலங்கலாகி, வெளிச்சம் கிடைக்காமல் புதிய முளைகள் அடங்கிப் போகின்றன. எச்சம் உரமாகிறது. இரும்பில் செய்த நகத்தின் வேலையைச் சதையும் சவ்வுமான பாதம் செய்கிறது.

கதிர் வந்ததும் வாத்தை வயலிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மணியைத் தின்றுவிடும். வளர்ந்த வாத்தை அடுத்த வருஷத்து இளநாற்றில் விட முடியாது, மிதித்து நாசமாக்கும். ஆகையால் அது இறைச்சிக்குப் போகிறது. மறு வருஷம் புதுக் குஞ்சுகள் வருகின்றன. நெல் வேஷம் போட்ட அந்தக் குதிரைவாலிப் புல் மட்டும், வாத்து எட்டாத மூலைகளில் முற்றி நின்றுவிட்டால், இன்றைக்கும் ஆள் இறங்கிக் குனிந்துதான் பிடுங்க வேண்டியிருக்கிறது.