379, 1,000, 2,000... எது சரி? ஜாலியன் வாலாபாக் பற்றி இணையத்தில் தேடும் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை!

பள்ளியில் வரலாறு புராஜெக்ட். தலைப்பு, ஜாலியன் வாலாபாக் படுகொலை. செல்போனை எடுத்து "எத்தனை பேர் இறந்தார்கள்?" என்று டைப் பண்ணினால் ஒரு பக்கம் 379 என்கிறது. அடுத்த லிங்க் 1,000 என்கிறது. நினைவிடத்தில் இருக்கும் பலகையின் போட்டோவைப் பார்த்தால் அதில் 2,000 என்று இருக்கிறது. எதை எழுதுவது?

பெரும்பாலும் முதலில் கண்ணில் பட்ட எண்ணை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆனால் இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், 20ஆம் நூற்றாண்டின் எந்தப் பெரிய சம்பவத்தையும் இணையத்தில் சரியாகத் தேட முடியும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

அன்று என்ன நடந்தது?

1919 ஏப்ரல் 13. பஞ்சாபில் வைசாகி திருநாள். ரவுலட் சட்டத்தை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த நேரம். அமிர்தசரஸில் சைபுதீன் கிச்லு, சத்யபால் ஆகிய தலைவர்கள் மூன்று நாட்களுக்கு முன்புதான் கைது செய்யப்பட்டிருந்தார்கள். சுற்றிலும் சுவர்கள் கொண்ட ஜாலியன் வாலாபாக் திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். திருவிழாவுக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

படையுடன் அங்கு வந்த ரெஜினால்ட் டயர், எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் சுட உத்தரவிட்டார். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் 50 பேர். சுமார் 10 நிமிடங்கள். 1,650 தோட்டாக்கள். இவை விசாரணையில் பதிவானவை. இந்த எண்களில் பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் இறந்தவர்களின் எண்ணிக்கையில்தான்.

379 எங்கிருந்து வந்தது?

பிரிட்டிஷ் இந்திய அரசு 1919 அக்டோபரில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர் வில்லியம் ஹண்டர் என்பதால் இதற்கு ஹண்டர் குழு என்று பெயர். இந்தக் குழுவின் அறிக்கையில்தான் 379 இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து படித்தால் இரண்டு விஷயங்கள் தெரியும்.

ஒன்று, "சுமார் 379" என்றுதான் அறிக்கை சொல்கிறது. இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டுவதில் சேவா சமிதி என்ற தொண்டு அமைப்பு முக்கியப் பங்கு வகித்தது. அந்த விசாரணையும் உடனே நடக்கவில்லை, மாதங்கள் கழித்துத்தான் நடந்தது. அதற்குள் ராணுவச் சட்டம் வந்து போயிருந்தது. "என் அண்ணன் அங்கே இருந்தான்" என்று சொல்லவே பயந்த காலம் அது. 379 பேரில் சுமார் 87 பேர் வெளியாட்கள் அல்லது பக்கத்துக் கிராமத்தினர் என்கிறது அறிக்கை. தூரத்து ஊரிலிருந்து தனியாக வந்து, யாரும் தேடி வராமல் போனவர்கள்? அவர்கள் இந்தக் கணக்கில் வர வாய்ப்பே இல்லை.

இரண்டு, "காயமடைந்தோர் 1,200" என்று பல இணையதளங்களில் பார்க்கிறோமே, அது யாரும் எண்ணிய எண் அல்ல. காயமடைந்தவர்கள் இறந்தவர்களைப் போல மூன்று மடங்கு இருக்கலாம் என்று குழு ஊகித்தது. அந்த ஊகத்தைப் பெருக்கி, தோராயமாகச் சொல்லப்படுவதுதான் இந்த 1,200.

1,000 என்று சொன்னது யார்?

சிறையிலிருந்த பஞ்சாப் தலைவர்களை வெளியே விட அரசு மறுத்ததால், ஹண்டர் குழுவைப் புறக்கணித்த காங்கிரஸ் தனியாக ஒரு விசாரணை நடத்தியது. காந்தி, சி.ஆர்.தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, எம்.ஆர்.ஜெயகர் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 1,700-க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களைப் பரிசீலித்து, 1920-ல் அறிக்கை வெளியிட்டார்கள். சுமார் 1,000 என்ற எண் இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இதுவும் மதிப்பீடுதான்.

சரி, 2,000?

நினைவிடப் பலகையில், சுமார் 2,000 இந்து, சீக்கிய, முஸ்லிம் தியாகிகளின் ரத்தம் இந்த மண்ணில் கலந்திருப்பதாக எழுதப்பட்டுள்ளது. 1997-ல் ராணி எலிசபெத்துடன் அங்கு வந்த இளவரசர் பிலிப், அது மிகைப்படுத்தல், காயமடைந்தவர்களையும் சேர்த்திருப்பார்கள் என்று சொல்ல, பெரிய சர்ச்சையானது. நினைவிடப் பலகை என்பது அஞ்சலிக்காக வைப்பது. விசாரணை அறிக்கையைப் படிப்பது போல அதைப் படிக்க முடியாது.

ஆக, புராஜெக்ட்டில் எப்படி எழுதலாம்? "அரசு அமைத்த ஹண்டர் குழு சுமார் 379 பேர் இறந்ததாகக் கூறியது. காங்கிரஸ் விசாரணைக் குழு சுமார் 1,000 என்று மதிப்பிட்டது. துல்லியமான எண்ணிக்கை இன்றுவரை உறுதியாகவில்லை." மூன்றே வரி. மார்க் குறையாது, கூடத்தான் செய்யும்.

டயர் வேறு... ஓ'ட்வையர் வேறு!

சமூக வலைதளங்களில் அடிக்கடி வரும் தவறு இது. "ஜெனரல் டயரை லண்டனில் சுட்டுக் கொன்றார் உத்தம் சிங்" என்று ஷேர் ஆகும். உண்மை என்ன?

- ரெஜினால்ட் டயர்: திடலில் சுட உத்தரவிட்ட ராணுவ அதிகாரி. 1927-ல் நோயால் இறந்தார்.
- மைக்கேல் ஓ'ட்வையர்: அப்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர். டயரின் செயலை ஆதரித்தவர். 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங் சுட்டது இவரைத்தான்.

அதே ஆண்டு ஜூலை 31-ல் உத்தம் சிங் தூக்கிலிடப்பட்டார். பெயர் ஒரே மாதிரி ஒலிக்கும்போது, பதவியையும் இறந்த ஆண்டையும் சேர்த்துச் சரிபார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

சினிமாவில் பார்த்தது ஆதாரமா?

2025-ல் வெளியான 'கேசரி சாப்டர் 2' இந்திப் படத்தில், சங்கரன் நாயர் இந்தியாவிலேயே நீதிமன்றத்தில் பிரிட்டிஷ் அரசை எதிர்த்து வாதாடுவார். நிஜத்தில் நடந்தது ஏறக்குறைய தலைகீழ்.

சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சங்கரன் நாயர், 1919-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். பஞ்சாப் கொடுமைகளைக் கண்டித்து அந்தப் பதவியை ராஜினாமா செய்தார். பிறகு 1922-ல் எழுதிய புத்தகத்தில் ஓ'ட்வையரைக் குற்றம் சாட்டினார். அதற்காக அவர் மீது அவதூறு வழக்குப் போட்டவர் ஓ'ட்வையர். வழக்கு நடந்தது லண்டனில், 1924-ல். ஜூரியில் 11 பேர் ஓ'ட்வையர் பக்கம் நின்றனர். ஒரே ஒருவர் மட்டும் மறுத்தார். அவர் பேராசிரியர் ஹெரால்ட் லாஸ்கி. நாயர் தோற்றார். 500 பவுண்டு இழப்பீடும் வழக்குச் செலவும் கட்ட வேண்டி வந்தது.

படம் ஆர்வத்தைத் தூண்டும், நல்லதுதான். ஆனால் படத்தின் காட்சியை புராஜெக்ட்டில் சம்பவமாக எழுதிவிடக் கூடாது.

போட்டோவிலும் உஷார்!

சுடப்படும் மக்களைக் காட்டும் படங்கள் இணையத்தில் வந்தால், உடனே டவுன்லோட் செய்யாதீர்கள். 1982-ல் வந்த 'காந்தி' உட்பட பல படங்களில் இந்தப் படுகொலைக் காட்சி எடுக்கப்பட்டுள்ளது. சினிமா ஸ்டில்லை கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பழைய போட்டோ போலவே இருக்கும். தோட்டா துளைத்த சுவர்களைக் காட்டும் பழைய படங்களில் பல, சம்பவத்துக்குப் பிறகு நாராயண் வினாயக் விர்கர் எடுத்தவை. கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால், அது வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அசல் ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

இவற்றை இலவசமாகப் பார்க்கலாம்:

1. இன்டர்நெட் ஆர்கைவ்: ஹண்டர் குழு அறிக்கை, காங்கிரஸ் அறிக்கை இரண்டும் ஸ்கேன் செய்யப்பட்டு இங்கே இருக்கின்றன.

2. ஹன்சார்ட்: பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களின் பதிவு. 1920 ஜூலை 8-ல் சர்ச்சில் டயரின் செயலைக் கடுமையாகக் கண்டித்துப் பேசியதை முழுசாகப் படிக்கலாம். அதே மாதம் பிரபுக்கள் சபை 129-க்கு 86 என்ற வாக்கில் டயருக்கு ஆதரவான தீர்மானத்தை நிறைவேற்றியதும் இங்கே பதிவாகியிருக்கிறது. ஒரே நாடாளுமன்றம், இரண்டு முகம்!

3. காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல்: காந்தியின் எழுத்துகள் முழுத் தொகுப்பாக உள்ளன.

4. அபிலேக் படல்: இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம்.

5. தமிழ் மின்னூலகம்: தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துவது. பழைய தமிழ் நூல்கள், இதழ்கள் கிடைக்கும்.

தேடும் வார்த்தையை மாற்றிப் பாருங்கள்

ஒரு முக்கியமான டிப்ஸ். "ஜாலியன் வாலாபாக் படுகொலை" என்று தேடினால் அரசு ஆவணங்கள் எளிதில் சிக்காது. காரணம், அன்றைய ஆட்சியாளர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தவில்லை. அவர்களுக்கு அது "பஞ்சாப் கலவரம்". ஆங்கிலத்தில் 'டிஸ்ஆர்டர்ஸ் இன்கொயரி கமிட்டி 1919' என்று தேடினால் அறிக்கை கிடைக்கும். சுட்டவர்களின் தப்பை மறைத்து, சுடப்பட்டவர்களைக் கலவரக்காரர்கள் போலக் காட்டுகிறது அந்தப் பெயர். யார் என்ன பெயர் வைத்தார்கள் என்பதே ஒரு ஆதாரம்தான்.

விக்கிபீடியா, ஏஐ பயன்படுத்தலாமா?

தாராளமாக. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. விக்கிபீடியா கட்டுரையை விட அதன் கீழே இருக்கும் அடிக்குறிப்புகள்தான் புதையல். ஏஐ சாட்பாட்டிடம் கேட்டால், "இது எந்த அறிக்கையில் இருக்கிறது?" என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். இல்லாத புத்தகத்தைக்கூட இருப்பது போலச் சொல்லிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. சொன்ன ஆவணத்தைத் திறந்து, அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

எழுதும் முன் 4 கேள்விகள்

- இந்த எண்ணை முதலில் சொன்னது யார்?
- சம்பவம் நடந்து எவ்வளவு நாள் கழித்துச் சொன்னார்?
- எண்ணினாரா, ஊகித்தாரா?
- எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?

1943 வங்கப் பஞ்சம், 1945 ஹிரோஷிமா, 1947 பிரிவினை என்று எதை எடுத்தாலும் இந்த நான்கு கேள்விகளும் பொருந்தும். இவை எல்லாவற்றிலுமே பலி எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

'ஒரு எண்ணுக்கு இவ்வளவு தேடலா?' என்று தோன்றலாம். யாராவது வந்து பெயர் சொன்னதால்தான் ஒருவர் அந்த 379-ல் இருக்கிறார். பெயர் சொல்ல ஆள் இல்லாதவர் இல்லை. புராஜெக்ட்டில் 379-க்கு முன்னால் "சுமார்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால், கணக்கில் வராமல் போன அந்த மனிதருக்கும் அதில் ஒரு இடம் கிடைக்கும்.