நான்கு வித்தைகளும் ஒரு கெண்டை மீனும்

என் மகள்வழிப் பேரன் பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறான். பதினாலு வயது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். போன மாதம் வந்தவன் நலம் விசாரிக்கும் முன்பே கேட்டான்: "தாத்தா, லெவியாத்தோருக்கு மூணு வித்தை முடிவாயிடுச்சு. நாலாவதா எதை வைக்கலாம்?" முழுக்கப் பிரெஞ்சில்தான் கேட்டான். அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் சொன்னான். வரும் வருடம் பள்ளியில் ஸ்பானிஷ் கூடுதலாகிறதாம், அதனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சாம்.

இரண்டாவது கேள்விக்கு அன்று என்னால் வாய் திறக்க முடியவில்லை. முதல் கேள்விக்காவது விடை தேடலாம் என்று உட்கார்ந்தேன். நாலைந்து வாரம் படித்ததில் கிடைத்த ஒரு சின்ன வரலாற்றை இங்கே எழுதுகிறேன். விளையாட்டுச் சமாச்சாரம்தானே என்று நண்பர்கள் தள்ளிவிட வேண்டாம்.

விஷயம் போக்கிமோன். 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம்பாய் என்ற கையடக்கக் கருவிக்காக 'சிவப்பு', 'பச்சை' என்று இரண்டு பதிப்புகளாக வந்தது. உருவாக்கியவர் சடோஷி தஜிரி. சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்த்தவர். விளையாட்டும் அப்படித்தான்: 151 ஜந்துக்களைப் பிடிக்கலாம், வளர்க்கலாம், இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து நண்பனுடைய ஜந்துவோடு மோதவிடலாம். ஒவ்வொரு ஜந்துவும் சண்டையில் காட்டுகிற திறமைக்கு 'மூவ்' என்று பெயர். நான் வித்தை என்கிறேன். அந்த முதல் விளையாட்டிலேயே 165 வித்தைகள் இருந்தன. ஆனால் ஒரு ஜந்து ஒரு சமயத்தில் நான்கை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவதைக் கற்க வேண்டுமென்றால் பழைய நான்கில் ஒன்றை மறந்தாக வேண்டும். திரையில் அப்படியே கேட்கும்: எதை மறக்கட்டும்?

இந்த நாலு என்ற கணக்கு அன்று முதல் இன்று வரை மாறவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

பேரன் லெவியாத்தோர் என்று சொல்வது பிரெஞ்சுப் பெயர். ஆங்கிலத்தில் கியாரடோஸ். அதன் குட்டிப் பருவம் மாஜிகார்ப் என்ற சிவப்புக் கெண்டை மீன். முதல் விளையாட்டில் ஒரு வியாபாரி இந்த மீனை நம் தலையில் 500-க்குக் கட்டுவான். அதற்குத் தெரிந்தது ஒரே வித்தை, துள்ளுவது. எதிரிக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை. பிரெஞ்சில் அந்த வித்தைக்குத் 'த்ராம்பேத்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் சும்மா ஒரு முக்கு முக்கிவிட்டு எழுவதைத்தான் அப்படிச் சொல்வோம். சிறு வயதில் கேட்ட அந்தச் சொல்லை எத்தனையோ வருடம் கழித்துப் பேரன் வாயில் கேட்டபோது சிரித்துவிட்டேன்.

இருபதாவது படியை எட்டியதும் அந்தக் கையாலாகாத மீன் பெரிய கடல் நாகமாக மாறிவிடும். மஞ்சள் ஆற்றில் ஓர் அருவியை எதிர்த்து ஏறி மேலே போய்ச் சேர்கிற கெண்டை டிராகனாகிவிடும் என்று சீனத்தில் ஒரு பழங்கதை உண்டு. ஜப்பானுக்கும் அது போயிற்று. மே 5-ஆம் தேதி வீடுகளில் கெண்டை வடிவத் துணிக்கொடிகளைப் பறக்கவிடுவது அதன் தொடர்ச்சிதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அருவி ஏறிய இந்த ஜந்து 'அருவி' என்ற வித்தையோடு பட்ட பாட்டைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் வாட்டர்ஃபால், பிரெஞ்சில் காஸ்காத்.

1996-இல் அந்த வித்தை விளையாட்டில் இருந்தது. ஆனால் கியாரடோஸால் அதைக் கற்கவே முடியாது! அந்தக் காலத்தில் அதற்குத் தாக்கும் பலம் 125, 'சிறப்பு' பலம் 100. எந்த வித்தைக்கு எந்தப் பலம் என்பதை அந்த வித்தையின் இனம் தீர்மானித்தது. நீர், நெருப்பு, மின்சாரம், பனி போன்றவை எல்லாம் சிறப்புக் கணக்கு. மண், பாறை, பறத்தல் போன்றவை உடல்பலக் கணக்கு. ஆகவே சிறப்பு 100 உள்ள கியாரடோஸுக்கு ஒரு நீர் வித்தை, பனிப்புயல், இடி மின்னல், கடைசியாக ஹைப்பர் பீம் என்று வைத்துக்கொள்வது நியாயமான தேர்வு. நாலும் நாலு திசை. எதிரி எந்த இனமாக இருந்தாலும் ஒன்றாவது பலிக்கும்.

அந்த முதல் விளையாட்டில் மறதி நிரந்தரம். ஒருமுறை மறந்த வித்தையைத் திரும்பப் பெற வழி கிடையாது. வித்தை கற்பிக்கும் யந்திரங்களும் ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும். அதற்கு நேர்மாறாக, வழியை அடைக்கும் மரத்தை வெட்டவும் கடலைக் கடக்கவும் தேவைப்படுகிற சில வித்தைகளைக் கற்றுவிட்டால் அவற்றை மறக்கவே முடியாது. வேண்டாவிட்டாலும் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பிள்ளைகள் ஒரு பொத்தானை அழுத்துவதற்கு அரை மணி நேரம் யோசித்ததில் ஆச்சரியமில்லை.

1999-இல் அடுத்த தலைமுறை வந்தது. 'சிறப்பு' என்ற ஒரே எண்ணைத் தாக்குதல், தற்காப்பு என்று இரண்டாகப் பிரித்தார்கள். கியாரடோஸுக்குத் தற்காப்பில் 100 நின்றது. தாக்குதல் 60-க்கு இறங்கியது. அதே வருடம்தான் அருவி வித்தையைக் கற்கும் உரிமையும் அதற்கு வந்தது. ஆனால் நீர் வித்தை என்பதால் அது சிறப்புக் கணக்கில்தான் சேரும். 125 பலம் சும்மா கிடக்க, 60-ஐக் கொண்டு அருவியை வீச வேண்டும். கதவு திறந்த அன்றே வாசல் உயரம் குறைந்துவிட்டது.

2002-இல் மூன்றாம் தலைமுறையில் டிராகன் டான்ஸ் என்ற வித்தை கிடைத்தது. பிரெஞ்சில் தான்ஸ் த்ராகோ. ஒருமுறை ஆடினால் தாக்கும் பலமும் வேகமும் ஒன்றரை மடங்காகும். ஆடிவிட்டு அடிக்கலாம் என்றால் அடிக்க வித்தை வேண்டுமே? நீர் வித்தை பயன்படாது. ஜந்துவின் சொந்த இனத்து வித்தைக்குப் பலம் ஒன்றரை மடங்கு என்று ஒரு சலுகை உண்டு. கியாரடோஸ் நீர் இனம் மட்டுமல்ல, பறக்கும் இனமும்கூட. பறத்தல் உடல்பலக் கணக்கில் வருவதால், ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் தேடினார்கள். ஹிடன் பவர் என்றொரு வித்தை உண்டு. ஒவ்வொரு ஜந்துவுக்கும் பிறவியிலேயே அமைந்த மறை எண்களைப் பொறுத்து அதன் இனம் அமையும். அந்த எண்கள் பறக்கும் இனத்துக்குப் பொருந்துகிற கியாரடோஸ் வரும்வரை வளர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். அதோடு நிலநடுக்கமும் சேர்ந்தது. கடல் நாகம் தண்ணீரை விட்டுவிட்டு ஆகாயத்தையும் மண்ணையும் கொண்டு பிழைத்த காலம் அது.

2006 செப்டம்பரில் ஜப்பானில் 'டைமண்ட்', 'பேர்ல்' வந்தன. அங்கே ஒரு விதி மாறியது. இனத்தைப் பார்த்துக் கணக்கு வைப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வித்தையையும் தனித்தனியாகப் பார்த்து, இது உடலால் செய்வது, இது அப்படி இல்லாதது என்று பிரித்தார்கள். அருவி உடல்பல வித்தையாயிற்று. அதன் வலிமை 80. அது மாறவில்லை. கியாரடோஸின் 125-ம் மாறவில்லை. ஆனால் 60-ஐக் கொண்டு வீசியதை 125-ஐக் கொண்டு வீசியதும் அடியின் கனம் ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. அருவி ஏறிய மீனுக்கு அருவி உதவப் பத்து வருடம் பிடித்தது.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைப்பது போல மடிக்கணினியை மூடிவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-இல் நிர்வாகம் கைமாறி, 1962-இல் சட்டப்படியும் இணைப்பு முடிந்துவிட்டது. நான் எழுத்தர் வேலையில் சேர்ந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலம். என் ஆங்கில வரைவுகளை மேலதிகாரி ஒருவர் சிவப்பு மையால் அடித்து, மற்றவர்கள் காதில் விழும்படி வாசித்துக் காட்டுவார். அவமானத்தில் ஒரு முடிவு எடுத்தேன். வீட்டிலும் பிரெஞ்சுப் பத்திரிகை தொடுவதில்லை, ஆங்கிலம் மட்டும்தான். நாலைந்து வருடத்தில் வரைவு எழுதக் கைவந்தது. பிரெஞ்சு கரைந்தது.

பிறகொரு நாள் பழைய சொத்துத் தகராறு ஒன்று மேசைக்கு வந்தது. மூலப் பத்திரம் பிரெஞ்சில், கையெழுத்தில். அதே அதிகாரி என் நாற்காலி அருகே வந்து நின்று, "நீங்கதான் இதுக்கு ஆள்" என்றார். என் காலம் வந்ததென்று வாங்கிக்கொண்டேன். வீட்டில் விரித்தால் பாதி வரி புரியவில்லை. மூன்று இரவு அகராதியோடு உட்கார்ந்து ஒப்பேற்றினேன். எனக்கு உரிய வித்தைக்கு மதிப்பு வந்த அன்று, அதை நானே மறந்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சரி, நாலாவது வித்தைக்கு வருவோம். 2006-க்குப் பிறகு டிராகன் டான்ஸ், அருவி இரண்டும் நிரந்தரம். மிச்சம் இரண்டு இடம். அருவிக்கு அசராதவை மூன்று இனம்: நீர், புல், டிராகன். பனிப்பல் வைத்தால் புல்லும் டிராகனும் அடங்கும். கியாரடோஸுக்கு மின்சாரம் நாலு மடங்கு வலிக்கும் என்பதால் நிலநடுக்கம் வைத்தால் தரையில் நிற்கும் மின்சார ஜந்துக்கள் ஒரே அடியில் சாயக்கூடும். ஆனால் பறக்கிற மின்சாரப் பறவையான ஜாப்டோஸை நிலநடுக்கம் தொடாது. அதற்குப் பாறை வித்தை வேண்டும். ஸ்டோன் எட்ஜ், வலிமை 100. ஆனால் நூற்றுக்கு எண்பது தரம்தான் குறி தவறாது. மூன்றும் தேவை, இடம் இரண்டு. எதை வைத்தாலும் ஏதோ ஒரு எதிரிக்கு முதுகு காட்டத்தான் வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி 2014-இல் தெரிந்தது. அந்த ஆகஸ்டில் வாஷிங்டனில் உலகப் போட்டி நடந்தது. பக்கத்துக்கு இரண்டிரண்டாக மோதும் ஆட்டம். வென்றவர் தென்கொரியாவின் சே ஜுன் பார்க். அவருடைய அணியில் கியாரடோஸும் இருந்தது. கூடவே யாரும் மதிக்காத பாச்சிரிசு என்ற மின்சார அணில். தாக்கும் பலம் வெறும் 45. அதற்கு அவர் கொடுத்த நான்கு வித்தைகளைப் பாருங்கள். ஒன்று, எதிரியின் அடியைத் தன் மேல் இழுத்துக்கொள்வது. இரண்டு, எதிரியின் மிச்ச உயிரில் பாதியைக் கடிப்பது. மூன்று, கன்னத்தைத் தேய்த்து எதிரியை மரத்துப்போக வைப்பது. நான்கு, தன்னைக் காத்துக்கொள்வது. நான்கில் ஒன்றுகூட அணிலின் சொந்தப் பலத்தை நம்பியதில்லை. மின்சாரம் பட்டால் அணிலுக்கு உயிர் கூடும். ஆகவே கியாரடோஸைக் குறிவைத்து வரும் மின்னலைத் தன் பக்கம் இழுத்து அதையே சாப்பிட்டுவிடும். தனி ஒருவனுக்கு நாலு இடம் போதாதுதான். பக்கத்தில் நிற்பவன் ஒன்றைச் சுமந்தால் போதும்.

பிறகு விதிகள் இளகின. தொலைத்த வித்தையை ஒரு செதிலைக் கொடுத்து மீட்கும் வசதி 2002-லேயே வந்துவிட்டது. 2010-இல் யந்திரங்களை எத்தனை முறையும் பயன்படுத்தலாம் என்றானது. 2016-இல் மறக்க முடியாத வித்தைகளை எடுத்தே விட்டார்கள். பேரன் ஆடுகிற 2022-ஆம் வருடப் பதிப்பில், மறந்ததைச் செலவில்லாமல் எப்போது வேண்டுமானாலும் நினைவுக்குக் கொண்டுவரலாம். நாலு இடம் அப்படியே இருக்கிறது. போனது போனதுதான் என்ற பயம் மட்டும் போய்விட்டது.

மனிதருக்கு அந்தப் பதிப்பு இன்னும் வரவில்லை. என் பிரெஞ்சு ஓரளவு திரும்பியது உண்மைதான். ஆனால் அதற்கு ஞாயிறுதோறும் ஒரு பையன் எதிரில் வந்து உட்கார வேண்டியிருந்தது. இப்போதும் அவன் வேகமாகப் பேசினால் பாதியை ஊகிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு விடை சொன்னேன். "உன் அணியில மின்சாரத்தைத் தாங்க வேற ஆள் இருந்தா பனிப்பல் வை. இல்லேன்னா நிலநடுக்கம். லெவியாத்தோரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதே, ராசா." தலையாட்டிக்கொண்டான். பிறகு பத்திரக் கதையையும் சொன்னேன். சிவப்பு மை, மூன்று இரவு, அகராதி எல்லாம். தமிழ் வகுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அன்று இரவு வாட்ஸப்பில் ஒரு கேள்வி வந்தது. மாஜிகார்ப் என்ன மீன், தமிழில் அதற்கு என்ன பெயர் என்று. கெண்டை என்று எழுதி அனுப்பினேன். அவனும் தமிழ் எழுத்திலேயே திருப்பி அனுப்பினான்: 'கென்டை'.

மூன்று சுழி ண என்று திருத்தியிருக்கிறேன். வகுப்பு விஷயம் இன்னும் முடிவாகவில்லை.